கொழும்பு மீன்தொட்டியில் பிஎச் ஏன் விழுகிறது

கொழும்பில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிற மீன்தொட்டி ஒன்றிலிருந்து 5 மில்லிலீற்றர் தண்ணீர் எடுத்து, சோதனைக் குழாயில் ஊற்றி, பிஎச் (தண்ணீர் எவ்வளவு அமிலம் என்று காட்டுகிற எண், அது குறையக் குறைய அமிலம் கூடும்) பார்க்கிற துளியை அதில் விட்டுக் குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பளிச்சென்ற மஞ்சள்தான் வரும். கூட வருகிற நிற அட்டையில் மஞ்சளுக்கு நேரே 6.0 என்று போட்டிருக்கும், அதற்குக் கீழே கட்டமே இருக்காது. அதனால் பலர் "ஆறுதானே, பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற அந்தத் துளி புரோமோதைமோல் நீலம் என்ற சாயம். அது 7.6க்குப் பக்கத்தில் நீலமாக இருக்கும், 7இல் பச்சையாகும், 6இல் மஞ்சளாகும், அதற்குக் கீழே எவ்வளவு போனாலும் அதே மஞ்சள்தான். தண்ணீர் 5.2இல் இருந்தாலும் 4.7இல் இருந்தாலும் உங்களுக்குத் தெரிவது 6.0 என்ற கட்டம் மட்டும்தான். ஆக மஞ்சள் வந்தால் அதை "6 அல்லது அதற்குக் கீழே" என்று வாசிக்க வேண்டும்.

மஞ்சளைக் கண்டு பயந்தவர்கள் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, மீன் கடைக்குப் போவது. "பிஎச் இறங்கிட்டுது தம்பி, இந்தப் போத்தல கொண்டுபோய் ஊத்துங்க" என்று ஒரு பிஎச் கூட்டும் மருந்து கைக்கு வரும். மற்றது, தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவது. இரண்டும் நல்ல நோக்கத்தில் செய்வதுதான், ஆனால் இரண்டுமே அடுத்த நாள் காலையில் மீன்கள் செத்து மிதப்பதற்குக் காரணமாகலாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீரின் குணம் தெரிந்தால்தான் அது புரியும், வெளிநாட்டு வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றினால் புரியாது.

பிஎச் அளவுகோலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் மதுவடிசாலை ஆய்வுகூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் இதைக் கொண்டுவந்தபோதே இது மடக்கை அளவுகோல். 7இலிருந்து 6க்கு இறங்குவது ஒரு படி போலத் தெரியும், உண்மையில் அமிலத்தன்மை பத்து மடங்காகிறது. 7இலிருந்து 5க்கு இறங்கினால் நூறு மடங்கு. அதனால் "கொஞ்சம்தான் குறைந்திருக்கு" என்ற பேச்சு பிஎச்சில் எடுபடாது.

சரி, தண்ணீரின் பிஎச்சை எது பிடித்து வைத்திருக்கிறது? முக்கியமாக இருகாபனேற்று. தண்ணீரில் அமிலம் சேரும்போதெல்லாம் இருகாபனேற்று அதோடு சேர்ந்து, அதைக் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகிறது. காபனீரொட்சைட்டு காற்றோடு போய்விடும், பிஎச் பெரிதாக அசையாது. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தவர்களுக்குத் தாங்கற் கரைசல் ஞாபகம் வரும், அதே சமாச்சாரம்தான். இந்தத் தாங்கும் சக்தியை மீன் வளர்ப்பவர்கள் கேஎச் என்று சொல்கிறார்கள், காபனேற்று வன்மை. ஒரு பாகை கேஎச் என்றால் லீற்றருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமம். இதை வீட்டில் இருக்கிற கைக்காசு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: இருக்கும்வரை செலவு வந்தாலும் வீட்டில் ஒன்றும் தெரியாது, தீர்ந்த அன்றைக்குத்தான் எல்லாம் ஒரேயடியாகத் தெரியும். பிஎச்சும் அப்படித்தான். கேஎச் 3இலிருந்து 2க்கும் 2இலிருந்து 1க்கும் இறங்கும்போது பிஎச் மெல்லத்தான் சரியும், கேஎச் பூச்சியத்தை நெருங்கியதும் சில நாட்களிலேயே சறுக்கி விழும்.

இனி நம்முடைய தண்ணீர். கொழும்புக்கு வருகிற குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் சுத்திகரிக்கப்படுகிற களனி ஆற்றுத் தண்ணீர். அதோடு லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்கள், தெற்குப் பக்கம் போகப் போக களு கங்கைத் தண்ணீர். இவை எல்லாமே ஈரவலயத் தண்ணீர். அந்த மலைகளில் இருப்பது பழைய உருமாறிய பாறை, சுண்ணாம்பு குறைவு, மழையோ கொட்டித் தீர்க்கும். அதனால் ஆற்றில் கரைந்து வருகிற கனிமம் மிகக் குறைவு. இது மென்னீர். சோப்பு போட்டால் நுரை பொங்குகிறதே, அந்த மென்மைதான் மீன்தொட்டியில் தாங்கும் சக்தி இல்லாத தண்ணீராக வந்து நிற்கிறது. குழாய்த் தண்ணீரின் பிஎச் பெறுமானம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குடிநீருக்கான இலங்கைத் தரம் 6.5இலிருந்து 8.5 வரை அனுமதிக்கிறது, ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரம் போட்டால் குறைகிற பிஎச்சை, சுத்திகரிப்பு நிலையத்தில் சுண்ணாம்பு சேர்த்து உயர்த்திவிடுவார்கள். அந்த எண்ணைப் பார்த்து "எங்கட தண்ணி 7.2, பிரச்சினையே இல்ல" என்று நினைத்துவிடுகிறோம். 7.2 என்று காட்டுகிற அதே தண்ணீரில் கேஎச் துளியைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு சொட்டிலேயே நீலம் மஞ்சளாக மாறிவிடும். ஒரு சொட்டு ஒரு பாகை, அவ்வளவுதான் கையிருப்பு.

யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறவர்கள் இதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். குடாநாட்டின் கீழே இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். அதற்குள்ளால் ஊறி வருகிற கிணற்றுத் தண்ணீர் வன்னீர், கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுகிற தண்ணீர். கேஎச் துளியை அதில் விட்டால் சொட்டுக்கு மேல் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊரில் சீமெந்துத் தொட்டியில் ஒரு கவனிப்பும் இல்லாமல் பெருகித் தள்ளுகிற மொலியும் கப்பியும் வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு வந்ததும் துடுப்பை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று நடுங்குகிறது என்றால், பல வேளை அதற்கு நோய் ஒன்றும் இல்லை. கல்சியமும் இருகாபனேற்றும் நிறைந்த தண்ணீரிலிருந்து இரண்டுமே இல்லாத தண்ணீருக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. நாம் மருந்துக் கடைக்கும் மீன் கடைக்கும் அலைகிறோம், அதற்குத் தேவைப்படுவது கனிமம்.

கொழும்பிலேயே கிணறு வைத்திருப்பவர்களின் கதை வேறு. தெஹிவளைக்கு உள்ளே, வத்தளைப் பக்கம், மகரகம பக்கமெல்லாம் செம்பூரான்கல் நிலம் இருக்கிற இடங்களில் கிணற்றுத் தண்ணீர் அமிலமாக இருப்பது சாதாரணம், பிஎச் 5க்கும் 6க்கும் இடையில் கூடக் காணலாம். ஆனால் அந்த எண்ணில் ஒரு பங்கு கரைந்திருக்கிற காபனீரொட்சைட்டு. நிலத்துக்கடியில் அழுத்தத்தோடு இருக்கிற தண்ணீரில் அது நிறையவே இருக்கும். இறைத்த உடனே ஒரு தடவை அளந்து பாருங்கள், அப்புறம் வாளியில் எயார் பம்ப் போட்டு ஒரு நாள் ஓட விட்டு மறுபடி அளவுங்கள். இரண்டாவது எண்தான் உங்கள் மீன்கள் வாழப்போகிற தண்ணீரின் எண். குழாய்த் தண்ணீருக்கும் இதையே செய்யலாம், செய்யவும் வேண்டும், ஏனென்றால் தொடர்மாடிகளில் தண்ணீர் நேராகக் குழாயிலிருந்து வருவதில்லை, கீழே நிலத்தடித் தொட்டியில் நின்று, மேலே தாங்கிக்கு ஏறி, பிறகு உங்கள் வீட்டுக்கு வருகிறது. கட்டடம் புதிது, தொட்டி சீமெந்துப் பூச்சு என்றால் அதிலிருந்து கல்சியம் ஐதரொட்சைட்டு ஊறி பிஎச் 8க்கும் மேலே போயிருக்கலாம். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற நண்பர் சொல்கிற எண் உங்களுக்குப் பொருந்தாமல் போவதற்கு இதுவும் காரணம்.

மஞ்சளுக்கு வருவோம். கையிருப்பைத் தின்பது யார்? வடிகட்டியில் குடியிருக்கிற பற்றீரியாக்கள். மீன் வெளியேற்றுகிற அமோனியாவை அவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன, தொட்டி உயிரோடு இருப்பதே அதனால்தான். ஆனால் அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. அமோனியாவில் இருக்கிற நைதரசன் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் 7.14 மில்லிகிராம் கல்சியம் காபனேற்றுக்குச் சமமான காரத்தன்மை தீர்ந்துபோகிறது. இது கழிவுநீர்ச் சுத்திகரிப்புப் பொறியியலாளர்கள் தினமும் பயன்படுத்துகிற கணக்கு, நம் தொட்டிக்கும் அப்படியே பொருந்தும். போட்டுப் பாருங்கள்: ஒரு கிராம் மீன் உணவில் புரதம் 40, 45 சதவீதம் இருக்கும். அதில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் நைதரசன். அதில் பாதி அமோனியாவாகத் தண்ணீரில் கலந்து நைத்திரேற்றாக மாறுகிறது என்று வைத்தால், 250 மில்லிகிராம் காரத்தன்மை போய்விடுகிறது. 100 லீற்றர் தொட்டியில் அது லீற்றருக்கு இரண்டரை மில்லிகிராம், ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு ஒரு கிராம் போடுகிற வீட்டில் வாரத்துக்கு ஒரு பாகை கேஎச் கரைகிறது. தொடங்கியதே ஒன்றிரண்டு பாகையில் என்றால் இரண்டு கிழமையில் கணக்கு முடிந்தது.

இது தோராயக் கணக்குத்தான். தொட்டியில் தாவரங்கள் அடர்த்தியாக இருந்தால் அவை அமோனியாவையும் நைத்திரேற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு பகுதியைத் திருப்பித் தரும், அதனால் செடித் தொட்டிகள் மெல்ல இறங்கும். ஆனாலும் திசை ஒன்றுதான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் மாதக்கணக்காக நடந்தாலும் தெரியாத ஒரு விஷயம் கொழும்பில் பதினைந்து நாளில் தெரிகிறது.

ஆபத்து இனித்தான். பிஎச் 6.5க்குக் கீழே போகும்போது அந்தப் பற்றீரியாக்கள் சோர்ந்துபோகின்றன, 6க்குக் கிட்டப் போகும்போது வேலையைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடுகின்றன. மீன் சாப்பிடுவதையும் கழிப்பதையும் நிறுத்துவதில்லை. அதனால் மஞ்சள் தொட்டியில் அமோனியா சேர்கிறது. ஆனாலும் மீன் சாகாது, ஏனென்றால் குறைந்த பிஎச்சில் அமோனியா கிட்டத்தட்ட முழுவதும் அமோனியம் அயனாக இருக்கும், அது செவுளைத் தாண்டி உள்ளே போவது மிகவும் குறைவு. நம் ஊரின் 28 பாகை செல்சியஸில், பிஎச் 6இல் மொத்த அமோனியாவில் விஷமான வடிவம் 0.07 சதவீதம்தான். பிஎச் 7இல் 0.7, 7.6இல் 2.7, 8இல் 6.5 சதவீதம். இப்போது ஒருவர் மஞ்சள் தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றுகிறார், அல்லது பிஎச் கூட்டும் போத்தலை ஊற்றுகிறார், பிஎச் 6இலிருந்து 7.6க்குத் தாவுகிறது. அமோனியா சேர்ந்திருந்தது லீற்றருக்கு 4 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றியதில் அது பாதியானாலும், விஷ வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட நாற்பது மடங்காகிறது. சுத்தமான புதுத் தண்ணீரில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குவதும், செவுள் சிவந்து போவதும் இதனால்தான். "தண்ணி மாத்தினதும் செத்துட்டு, குளோரின் கூடப் போல" என்று பழி வேறு பக்கம் போகும். குளோரினும் கொல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குளோரின் நீக்கியை ஒழுங்காகப் போட்டும் இது நடந்திருந்தால், பழைய தொட்டியின் அமோனியாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மஞ்சள் தொட்டியை மீட்கிற வழி பொறுமைதான். முதலில் அமோனியாவை அளவுங்கள். இருந்தால் உணவை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள், வளர்ந்த மீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பிறகு தினமும் தொட்டியில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம், காற்றோட்டம் விட்டு ஒரு நாள் வைத்த தண்ணீரால் மாற்றுங்கள். அமோனியா குறைந்துகொண்டே வரும், பிஎச் மெல்ல ஏறும், பற்றீரியா மறுபடி எழும்பும். அடியில் தேங்கியிருக்கிற அழுக்கையும் இந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுங்கள், சரளைக் கல்லை ஒரே நாளில் முழுவதும் கிளறாதீர்கள். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவ இது நேரமே இல்லை. ஒன்றிரண்டு கிழமையில் துளி பச்சைக்கு வரும், அதற்குப் பிறகு வாரத்துக்கு கால்பங்குத் தண்ணீர் மாற்றினால் கேஎச் கரைவது ஓரளவு மெதுவாகும். கொழும்புத் தொட்டிக்கு வாராந்தத் தண்ணீர் மாற்றத்தின் பெரிய பயன் நைத்திரேற்றைக் குறைப்பது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது கரைந்துபோன கேஎச்சைத் திருப்பிக் கொடுப்பதுதான்.

பிஎச் குறைக்கும் போத்தல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒரு அமிலம், பொசுபோரிக் அமிலமோ சல்பூரிக் அமிலமோ. கேஎச் அதிகமாக இருக்கிற தண்ணீரில் அதை விட்டால் பிஎச் இறங்கும், இரவோடிரவாக மறுபடி ஏறும், மறுபடி விடுவோம், மீன் தினமும் ஏறி இறங்கும் தண்ணீரில் வாழும். கேஎச் ஒன்றே ஒன்று இருக்கிற நம் தண்ணீரில் விட்டால் இருக்கிற கொஞ்சத்தையும் அது தின்றுவிட்டுப் பாதாளத்துக்கு இறங்கும். பொசுபோரிக் என்றால் கூடவே பாசிக்கு உரமும் போட்டதாகிவிடும். கொழும்பில் யாருக்குமே இந்தப் போத்தல் தேவைப்படாது என்று நான் உறுதியாகவே சொல்வேன்.

கேஎச்சைக் கூட்டுவதற்கு மலிவான, சாந்தமான வழிகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது கிளிஞ்சல். மட்டி, சிப்பி ஓடுகளை நன்றாகக் கழுவி, கொதிக்க வைத்து, உடைத்து, வலைப்பைக்குள் போட்டு வடிகட்டியில் தண்ணீர் ஓடுகிற இடத்தில் வைத்துவிட வேண்டும். தண்ணீர் அமிலமாகும்போது ஓடு கரையும், பிஎச் ஏழரை எட்டை நெருங்கினால் கரைவது தானாகவே மந்தமாகும், அதனால் அளவு மீறுகிற பயம் இல்லை. 100 லீற்றருக்கு ஒரு கைப்பிடியில் தொடங்கி, இரண்டு கிழமை கழித்து கேஎச் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். முருகைக்கல்லும் இதே வேலையைச் செய்யும்தான், ஆனால் நம் கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம், சாப்பிட்ட சிப்பியின் ஓடு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

அவசரத்துக்கு அப்பச்சோடா. அது சோடியம் இருகாபனேற்றேதான். 100 லீற்றருக்கு 3 கிராம் போட்டால் கேஎச் ஏறத்தாழ ஒரு பாகை கூடும். தனியாக ஒரு பாத்திரத்தில் கரைத்து, தண்ணீர் மாற்றுகிற வாளியில் கலந்து, கிழமைக்கு ஒரு பாகைக்கு மேல் போகாமல் சேர்க்க வேண்டும். அமோனியா இருக்கிற மஞ்சள் தொட்டியில் நேராக ஒரு கரண்டி கொட்டுவது மேலே சொன்ன அதே விபத்துத்தான். கடையில் வாங்கும்போது பைக்கட்டைப் பாருங்கள், பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலப் பொடியும் மாவும் சேர்ந்திருக்கும். இன்னொன்று, அப்பச்சோடாவில் கல்சியம் கிடையாது. நத்தை, இறால், மொலி வைத்திருப்பவர்களுக்குக் கிளிஞ்சல்தான் சரி. நத்தை ஓட்டின் கூர்ப்பக்கம் வெள்ளையாக உரிந்து குழி விழுகிறதா என்று பாருங்கள், துளிப் பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்கு அதுவே நல்ல அறிகுறி. தண்ணீர் ஓட்டைத் தின்கிறது என்று அர்த்தம்.

தெரியாமலேயே கேஎச்சைக் கூட்டுகிறவர்களும் உண்டு. கல்கிசையிலிருந்து அள்ளிவந்த மணலில் சிப்பித் தூள் இருக்கும். அழகுக்கு வைத்த வெள்ளைக் கல் சுண்ணக்கல்லாக இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் காய்ந்த கல்லின் மேல் நாலு சொட்டு வினாகிரி விட்டுக் காதை வைத்துக் கேளுங்கள், மெல்லிய இரைச்சலோடு நுரைத்தால் அதில் காபனேற்று இருக்கிறது. கப்பித் தொட்டிக்கு அது நல்லது, மென்னீர் மீனான டிஸ்கஸ் வளர்க்க நினைப்பவர் அதை வெளியே எடுக்க வேண்டும்.

நம் தண்ணீருக்குத் தோதான மீனை வைப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம், இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். செர்ரி பார்ப் இருக்கிறதே, உலகம் முழுக்க மீன் கடைகளில் விற்கிற அந்தச் சிவப்பு மீன், 1929இல் தெரணியகல என்ற விலங்கியலாளர் விவரித்த இலங்கை மீன். களனி முதல் நில்வளா வரைக்குமான ஈரவலய ஆறுகளின் நிழல் ஓடைகள்தான் அதன் சொந்த ஊர். பிளாக் ரூபி பார்பும் அதே நாட்டு மீன். இலை உதிர்ந்து தேநீர் நிறத்தில் ஓடுகிற, கனிமம் இல்லாத, கொஞ்சம் அமிலமான தண்ணீரில் லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்து பழகியவை. குழாயில் வருகிற களனி ஆற்றுத் தண்ணீர் அவற்றுக்குக் கிட்டத்தட்ட தாய்வீட்டுத் தண்ணீர். காட்டிலிருந்து பிடித்ததை வாங்காமல் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். டெட்ரா வகைகள், ராஸ்போரா, ஏஞ்சல், கோரி, ஃபைட்டர் எல்லாம் கேஎச் இரண்டு மூன்று இருந்தால் இங்கே சந்தோஷமாக இருக்கும். மொலி, சோட்டெயில், கப்பி என்றால் கிளிஞ்சல் பை கட்டாயம். ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுகளுக்கு 7.8க்கு மேலே நிலையாக வேண்டும், சுண்ணக்கல்லும் சிப்பி மணலும் நிறையப் போட்டுத் தொட்டியையே அதற்காகக் கட்டினால் முடியும், இல்லாவிட்டால் வேண்டாம்.

வாதுமை இலையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், சிங்களத்தில் கொட்டம்பா என்கிற அந்தத் தெருவோர மரத்தின் காய்ந்த இலை. அதிலிருந்து வருகிற தனினும் ஹியூமிக் அமிலங்களும் பிஎச்சைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் கேஎச் குறைந்த தண்ணீரில்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் பத்து இலை போட்டாலும் தண்ணீர் சிவக்கும், பிஎச் அசையாது. கொழும்பில் அசையும். அதனால் ஃபைட்டருக்கோ செர்ரி பார்புக்கோ போடுவதென்றால் 50 லீற்றருக்கு ஒரு பெரிய இலையில் தொடங்கி, கேஎச் ஒன்றுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகையும் தூசியும் படிகிற காலி வீதி ஓரத்து இலையை விட, யாராவது வீட்டு வளவுக்குள் விழுந்ததை எடுத்துக் கழுவிப் போடுவது நல்லது. மழைத் தண்ணீர் இதையும் விடச் சிக்கல், அதில் தாங்கும் சக்தி ஏறக்குறைய பூச்சியம். மென்னீருக்கு மழைநீரைக் கலப்பது யாழ்ப்பாணத்தில் புத்திசாலித்தனம், கொழும்பில் ஏற்கெனவே இல்லாததை இன்னும் இல்லாமல் ஆக்குவது.

ஒரே நாளுக்குள் ஏறி இறங்குகிற பிஎச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அளப்பதே குழப்பமாகிவிடும். செடிகள் பகலில் காபனீரொட்சைட்டை இழுக்கின்றன, இரவில் செடியும் மீனும் சேர்ந்து அதை வெளியே விடுகின்றன. அதனால் விடியற்காலையில் பிஎச் மிகக் குறைவாகவும், விளக்கு அணைக்கப் போகும் நேரத்தில் மிகக் கூடுதலாகவும் இருக்கும். கேஎச் குறைந்த செடித் தொட்டியில் இந்த வித்தியாசம் அரை அலகு, சில வேளை அதற்கும் மேல் போகலாம். மீன் இதைத் தாங்கும், இயற்கைக் குளத்திலும் இதுதான் நடக்கிறது. ஆகவே எப்போதும் ஒரே நேரத்தில் அளவுங்கள், காலை எண்ணையும் மாலை எண்ணையும் வைத்துப் பதறாதீர்கள். மின்வெட்டிலும் எயார் பம்ப் நின்றதும் காபனீரொட்சைட்டு சேர்ந்து பிஎச் இறங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த மாதிரி நேரத்தில் மீனைக் கொல்வது ஒட்சிசன் பற்றாக்குறை, பிஎச் இல்லை. பற்றறியில் ஓடுகிற சின்ன எயார் பம்ப் ஒன்று வீட்டில் இருந்தால் போதும், அதுவும் இல்லையென்றால் ஒரு சுண்டில் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருப்பது உண்மையாகவே உதவும்.

அளக்கிற சாமான்களில் பணம் போடுவதென்றால் முதலில் கேஎச் துளி, அப்புறம் அமோனியா, அப்புறம்தான் பிஎச். நம் மென்னீருக்கு ஒரு சின்ன வித்தை: 5 மில்லிலீற்றருக்குப் பதில் 10 மில்லிலீற்றர் எடுத்தால் ஒரு சொட்டு அரைப் பாகையாகிவிடும், ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் வித்தியாசம் தெரியும். கொழும்பில் அந்த அரைப் பாகை முக்கியம். மலிவான பிஎச் பேனாவை வாங்கினவர்கள் 6.86, 4.01 கரைசல்களில் அடிக்கடி அளவு திருத்தாவிட்டால் அது காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம். நுனிக் கண்ணாடிக் குமிழ் காய்ந்து போனாலும் போச்சு. அதோடு கனிமம் குறைந்த தண்ணீரில் பேனாவின் எண் நிலைக்கு வரவே சில நிமிடம் எடுக்கும், தண்ணீரில் முக்கியதும் தெரிகிற எண்ணை எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, புது மீனை விடுவது. பக்கத்துக் கடையில் வாங்கி அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கு வந்துவிட்டால், பொலித்தீன் பையைத் தொட்டியில் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரை மணி நேரத்தில் மீனை வலையால் எடுத்து விடலாம். யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ இரவு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம் வந்த பை என்றால் அப்படிச் செய்யக் கூடாது. பைக்குள் மீன் விட்ட காபனீரொட்சைட்டால் பிஎச் இறங்கியிருக்கும், அமோனியாவும் சேர்ந்திருக்கும், அந்தக் குறைந்த பிஎச்தான் மீனைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பையைத் திறந்ததும் காபனீரொட்சைட்டு பறந்துபோய் பிஎச் ஏறத் தொடங்கும், அமோனியா விஷமாகும். மெல்லிய குழாயால் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் தண்ணீர் விடுகிற முறை இந்த இடத்தில் மீனை அதன் சொந்தக் கழிவில் ஊற வைப்பதுதான். செய்ய வேண்டியதை அதற்கு முந்தின நாளே செய்திருக்க வேண்டும்: ஒரு வாளியில் கொழும்புத் தண்ணீரை எடுத்து, குளோரின் நீக்கி, அப்பச்சோடாவும் கிளிஞ்சலும் போட்டு ஊர்த் தண்ணீரின் கேஎச்சுக்கு ஓரளவு கிட்டக் கொண்டுவந்து, எயார் பம்பை ஓட விட்டுத் தயாராக வைத்திருங்கள். மூடிய பையை அந்த வாளியில் பதினைந்து நிமிடம் மிதக்க விட்டுச் சூட்டைச் சமப்படுத்தி, திறந்த உடனே மீனை மட்டும் வலையால் எடுத்து வாளிக்குள் விடுங்கள், பைத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றிவிடுங்கள். வாளியிலிருந்து தொட்டித் தண்ணீருக்குப் பழக்குவதை அடுத்த சில நாட்களில், தினமும் ஒரு கோப்பைத் தண்ணீராக, நிதானமாகச் செய்யலாம்.